இதை மட்டும் துடைக்காதே

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குச் சுத்தப் பைத்தியம் பிடிக்கவைத்தது சர்வீஸ்காரர்தான். நான் கேட்கவில்லை. எதைத் திறந்தாலும் ‘உங்களுக்குக் கார் பரிசு விழுந்திருக்கிறது’ என்று ஒரு பெட்டி வந்து முன்னால் நிற்கிறது, அதை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றுதான் சொன்னேன். அவர் வந்தார், காபி குடித்தார், சர்க்கரை கம்மி என்றார், பிறகு ஏதோ ஒரு பாதுகாப்பு மென்பொருளை ஏற்றினார். அது வைரஸைப் பிடிக்குமாம், குப்பையைக் கூட்டுமாம், இணையத்தில் நாம் போய்வந்த தடயத்தையெல்லாம் துடைத்துவிடுமாம்.

“குக்கீயெல்லாம் கூட்டித் தள்ளிருமுங்க்கா” என்றார் பெருமையாக.

“அதென்னங்க குக்கீ?”

“கம்பெனி கேட்டுல வாட்ச்மேன் மொத நாள் பேரு, ஊரெல்லாம் கேட்டு ஒரு பாஸ் குடுப்பாருங்கல்ல? அப்பறம் அந்தப் பாஸக் காட்டுனாப் போதும், உள்ள உட்டுருவாரு. அதேதானுங்க. நாம போற ஒவ்வொரு வெப்சைட்டும் நம்ம கம்ப்யூட்டர்ல ஒரு பாஸ வெச்சுட்டுப் போகும். இது எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுரும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “கிழிச்சுப் போட்டுருமா? அப்ப எங்க கேமரா என்னாகறது?”

“அதுக்குத்தானுங்க்கா இந்தப் பட்டியல் இருக்குது” என்று ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். எந்தெந்தத் தளத்தின் குக்கீயைத் துடைக்கக் கூடாதோ, அதன் பெயரை அங்கே போட்டு வைத்தால் போதும், மென்பொருள் அதைத் தொடாதாம். அவர் கையால் போட விடாமல், நானே உட்கார்ந்து கேமரா தளத்தின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து அடித்தேன். பத்து விரலாலும் அடிக்கத் தெரிந்தவள் நான். கம்பெனியில் பில்லும் பேக்கிங் லிஸ்ட்டும் இத்தனை வருஷம் போட்டது இந்தக் கைதான்.

கேமரா என்றதும் வீட்டு வாசல் கேமரா என்று நினைத்துவிட வேண்டாம். மங்கலம் ரோட்டில் இருந்த எங்கள் பனியன் கம்பெனியின் கேமரா. ‘இருந்த’ என்று எழுதிவிட்டேன். கம்பெனி அங்கேயேதான் இருக்கிறது, நாங்கள்தான் அங்கே இல்லை.

பிள்ளை இல்லாத வீட்டில் கம்பெனியைத்தான் பிள்ளை என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. கம்பெனி கம்பெனிதான், சனிக்கிழமை சம்பளம் கேட்கும், மின்சாரம் போனால் மானத்தை வாங்கும். ஆனால் என் வீட்டுக்காரர் காலையில் கண் விழிப்பதே அதற்காகத்தான். ஒருநாள் பேக்கிங் பக்கத்தில் அட்டைப் பெட்டிகள்மேல் சாய்ந்து நின்றவர், அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. ‘அதா’ என்ற ஒரு சொல் மட்டும் எப்படியோ மிஞ்சியது. சாப்பாட்டுக்கும் அதா, தண்ணீருக்கும் அதா, கோபத்துக்கும் அதா.

கம்பெனியை லீசுக்கு விட்டோம். எடுத்தவர் வெளியாள் இல்லை. இளவயதில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பையோடு வந்து எங்களிடம் ஓவர்லாக் மெஷினில் ஓரம் தைக்கும் டெய்லராகச் சேர்ந்தவர், பிறகு காண்ட்ராக்டர் ஆனார், இப்போது அவர்தான் நடத்துகிறார். கட்டடம், மெஷின், ஆட்கள் எல்லாவற்றோடும் போனையும் அவரிடம் கொடுத்தோம். திருப்பூரில் அதுதான் வழக்கம். நூல்காரர், சாயப்பட்டறைக்காரர், லாரிக்காரர் என்று எல்லோருக்கும் அந்த நம்பர்தான் கம்பெனி. நம்பரை வைத்துக்கொண்டு கம்பெனியை மட்டும் கொடுத்தால் வாங்குகிறவர் என்ன செய்வார்? என் வீட்டுக்காரர் அந்தப் போனை இடது கையால் எடுத்து நீட்டினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கேமராவைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. தையல் ஹாலின் கூரையில் அதை மாட்டிய நாளிலேயே, வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அதைத் திறந்து வைத்திருந்தார் இவர். அது அப்படியே திறந்து கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொஞ்சம் உட்கார முடிந்ததும், ஒரு காலை தானாக நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அதன் முன்னால் உட்கார்ந்தார். அன்றிலிருந்து அதுதான் அவருக்கு வேலை. மெஷின் ஓடத் தொடங்கும் நேரத்துக்குப் போய் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு நான் இழுத்துக்கொண்டு வர வேண்டும். இடது கையால் கீபோர்டில் அம்புக்குறிச் சாவியை அழுத்தினால் அங்கே கூரையில் கேமரா திரும்பும். மெஷின்கள் வரிசையாக நிற்கும் லைனின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் மெதுவாகப் போவார். யாரிடமாவது தைக்க வேண்டிய பண்டல் தேங்கிக் கிடந்தால் ‘ச்ச’ என்று நாக்கைத் தட்டுவார்.

டீயைக் கொண்டுபோய் வைத்துவிட்டு நானும் பின்னால் நின்று பார்ப்பேன். படம் வரும், சத்தம் வராது. அந்த ஓவர்லாக் சத்தத்தை நான் எத்தனை வருஷம் திட்டியிருப்பேன்! தலைவலி, காது போச்சு, மனுஷன் இருக்கிற இடமா என்று கத்தியிருக்கிறேன். இப்போது ஊமைப் படமாக அந்த மெஷின்கள் ஓடுவதைப் பார்க்கும்போது அந்தச் சத்தத்துக்காக ஏங்கினேன். அதைவிட, அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்கிற இவருடைய குரலுக்காக ஏங்கினேன். ஹாலின் ஒரு மூலையில் நின்று கூப்பிட்டால் மறு மூலையில் ஆள் எழுந்து நிற்கும் குரல் அது.

ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டேன். “ஏனுங்க, ஒருக்காப் போய்ட்டு வந்தரலாமுங்களா? கார்ல உக்காந்தமானிக்கே பாத்துட்டு வந்தரலாம்.”

நாற்காலிக் கையில் இடது கையை ஓங்கி அடித்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருபக்கமாகக் கோணிய வாயிலிருந்து எச்சில் வழிந்ததை அவசர அவசரமாகத் துடைத்துக்கொண்டார். எனக்கு விளங்கிவிட்டது. அவர்களையெல்லாம் பார்க்க வேண்டும், ஆனால் அவர்கள் கண்ணில் இந்தக் கோலத்தில் பட்டுவிடக் கூடாது. இரண்டுக்கும் தோதாக இருந்தது அந்தக் கேமரா ஒன்றுதான். அதன் பிறகு நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் பூஜைக்கு முந்தின நாள் எப்படி இருக்கும் தெரியுமா? ஒவ்வொரு மெஷினையும் திறந்து, காற்றுக் குழாய் பிடித்துப் பஞ்சை ஊதி, பழைய எண்ணெயை வழித்துத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் வாழைக்கன்று கட்டி, ஹால் முழுக்கப் பொரி வாசம். இந்த வருஷம் என் கைக்கு இருந்தது ஒரே ஒரு மெஷின். மிக்ஸியும் கிரைண்டரும் உண்டுதான். அவை எனக்கு மெஷின் கணக்கில் வருவதில்லை. கம்ப்யூட்டர்தான்.

திரையைத் துடைத்தேன். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். வெளியே மட்டும் துடைத்தால் ஆகுமா, உள்ளேயும் துடைக்க வேண்டாமா? மெஷினைத் திறக்காமல் பூஜைக்கு வைத்தால் அது பூஜையா? மென்பொருளைத் திறந்து, ‘முழுச் சுத்தம்’ என்ற பக்கத்தில் இருந்த பெட்டி அத்தனைக்கும் டிக் போட்டு அழுத்தினேன். எதைச் செய்தாலும் அடிவரைக்கும் செய்ய வேண்டும் எனக்கு. கேமராதான் பட்டியலில் பத்திரமாக இருக்கிறதே என்ற தைரியம் வேறு. சுத்தம் முடிந்தது என்று பச்சையாக வந்தது. அணைத்துவிட்டுச் சந்தனப் பொட்டு வைத்தேன்.

பூஜையன்று மெஷினை ஓட்டக் கூடாது, அதனால் திறக்கவில்லை. இவர் வழக்கம்போல வந்து, செவ்வந்திப் பூவும் எலுமிச்சையும் வைத்த திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, நல்ல நேரம் பார்த்துத்தான் திறந்தேன். கேமராப் பக்கத்தை அழுத்தினேன். ஹால் வரவில்லை. போன் நம்பர் கேட்டு ஒரு கட்டமும், பாஸ்வேர்டு கேட்டு ஒரு கட்டமும் வந்து நின்றன. 

சர்வீஸ்காரருக்குப் போன் போட்டு, முழுச் சுத்தம் ஓட்டியதிலிருந்து நடந்ததைச் சொன்னேன்.

“ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களாங்க்கா?”

“பண்ணியாச்சுங்க.”

“பட்டியல்ல பேரு இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க. ஒரு எழுத்துகூடத் தப்பில்ல. நானே அடிச்சது.”

“இப்ப பாஸ்வேர்டு கேக்குதல்லங்க, அந்தப் பக்கத்துல மேல என்ன பேரு போட்டிருக்குது? படிங்க பாக்கலாம்.”

படித்தேன். பாதியிலேயே எனக்கும் தெரிந்துவிட்டது. அது வேறு பெயர்.

“அட, அதேதானுங்க்கா! படம் காட்டற எடம் ஒண்ணு, பாஸ் குடுக்கற எடம் இன்னொண்ணு. நாம மொதல் பேரை மட்டும் பட்டியல்ல வெச்சுட்டு ரெண்டாவத உட்டுட்டோம். தெனமும் தானா ஓடறது மேலாப்புல கூட்டறதுங்க, அது லாகினத் தொடாது. நீங்க பெட்டியெல்லாம் டிக் போட்டு அழுத்துனீங்கல்ல, பட்டியல்ல பேரு இல்லாததையெல்லாம் வழிச்சுருச்சு.”

“இத அன்னிக்கே சொல்லறதுக்கு வாய்ல என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?”

சிரித்தார். அவருக்குச் சிரிப்பு. “கோவிச்சுக்காதீங்க்கா. ரெண்டு பேரையும் பட்டியல்ல போட்டுருங்க. ஒருக்கா மட்டும் லாகின் பண்ணிட்டீங்கன்னா, அப்பறம் எத்தன தடவ சுத்தம் பண்ணுனாலும் போகாது.”

ஒருக்கா மட்டும். அந்த ஒருக்காவுக்குத்தான் பாஸ்வேர்டு வேண்டும். அதை வைத்தவர் என் வீட்டுக்காரர். அது அவர் தலைக்குள் இருக்கிறது, வாய்க்கு வராது.

பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சினேன். “சாமி, ஒருக்கா யோசிச்சுப் பாருங்க. பாஸ்வேர்டு என்ன வெச்சீங்க? குலதெய்வம் பேருங்களா?”

“அதா” என்று தலையை ஆட்டினார். அடித்தேன், தப்பு. கம்பெனிப் பேரா என்றேன், அதற்கும் ஆட்டினார். கார் நம்பரா? அதற்கும். ஆமாமும் இல்லையும் அவருக்குள் கலந்துவிட்டன, அவர்மேல் குற்றமில்லை, டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கடைசியில் என் பேருங்களா என்று கேட்டேன். பலமாகத் தலையை ஆட்டினார். அடித்தேன். அதுவும் தப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், சொன்னால் சிரிப்பீர்கள்.

இத்தனை தடவை தப்பாக அடித்ததில் அந்தப் பக்கம் கதவைச் சாத்திக்கொண்டது. புதுப் பாஸ்வேர்டு வேண்டுமானால் பதிவு செய்த போனுக்கு ஒரு கோடு நம்பர் அனுப்புவோம் என்றது. பதிவு செய்த போன், லீசுக்கு எடுத்தவர் சட்டைப் பையில் இருந்தது.

அவரிடம் கோடு கேட்பது என்றால் என்ன அர்த்தம்? கம்பெனியை உங்களிடம் கொடுத்துவிட்டு, இத்தனை நாளும் ஒளிந்து உங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நானே என் வாயால் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் என்னைப் பார்த்தால் எழுந்து நின்ற மனிதரிடம். சரி, மானம் போனால் போகட்டும். ‘இனிமேல் பாக்கறது சரிப்படாதுக்கா’ என்று அவர் சொல்லிவிட்டால்? சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. அப்புறம் இவருக்கு உலகத்தில் வேறென்ன இருக்கிறது? இதை நினைத்தே போனை எடுப்பேன், வைப்பேன்.

இவர் மட்டும் தினமும் காலையில் வந்து அந்தக் கட்டங்களின் முன்னால் உட்கார்ந்தார். அம்புக்குறியை அழுத்துவார். எதுவும் நகராது. என் முகத்தைப் பார்ப்பார். “ரிப்பேருங்க, ஆள் வந்துருவாங்க” என்பேன். நம்பிவிடுவார். முன்பெல்லாம் நான் சொன்ன எதையும் ஒரே பேச்சில் நம்பாத மனிதர், இப்போது சின்னக் குழந்தை மாதிரி நம்பியதுதான் எனக்குத் தாளவில்லை. டிவியைப் போட்டேன், அணைத்தார். சாதத்தைப் பாதியில் தள்ளினார். ஒருநாள் மத்தியானம் அவர் தூங்கப் போனதும், என்ன ஆனாலும் ஆகட்டும் என்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கம்பெனிக்குப் போன் போட்டேன்.

எடுத்தார். பேசவில்லை. போன் வழியாக ஓவர்லாக் சத்தம் வந்தது. லைன் முழுக்க ஓடுகிற அதே இரைச்சல். சொல்ல வந்தது மறந்துபோய் அதையே கேட்டுக்கொண்டு நின்றேன்.

“அக்கா...” என்றார் மெதுவாக. “மொதலாளிக்கு... ஒண்ணுமில்லையே?”

“நல்லா இருக்காருங்க. ஏனுங்க அப்படிக் கேக்கறீங்க?”

“ஏசப்பா, ஸ்தோத்திரம்!” என்று பெருமூச்சு விட்டார். சத்தம் குறைந்தது, ஹாலை விட்டு வெளியே வந்துவிட்டார்போல. “பூசைலேருந்து கேமரா திரும்பவே இல்லக்கா. இங்க எல்லாரும் மெஷின நிறுத்திட்டு அண்ணாந்து அண்ணாந்து பாத்துக்கிட்டே இருக்காவ. வீட்டுக்குப் போன் போடலாம்னா எனக்குத் தைரியம் வரல. நீங்க எடுத்து அழுதீயன்னா நான் என்ன சொல்லுவேன்?”

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. “அப்ப... நாங்க பாக்கறது தெரியுமுங்களா?”

“தெரியாம எப்படிக்கா? கண்ணு முன்னாலல்லா கழுத்தத் திருப்புது. நான் திருப்பல, பெறகு யாரு திருப்புவா? மொத நாளே தெரிஞ்சு போச்சு. ஆனா யாரும் நிமிந்து பாக்கப்படாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். நாங்க கண்டுபிடிச்சிட்டோம்னு தெரிஞ்சா மொதலாளி வெக்கப்பட்டு நிறுத்திருவாருல்லா.”

 நான் எதை வெட்கக்கேடு என்று மறைத்தேனோ, அதை ஒரு ஹாலே சேர்ந்து மறைத்துக் காப்பாற்றியிருக்கிறது. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். கோடு வந்தது, ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி வாசித்தார்.

“அக்கா, ஒருநாள் மொதலாளியக் கூட்டிட்டு வாங்களேன்.”

“வரமாட்டாருங்க.”

“தெரியும்க்கா” என்றார். “சும்மா கேட்டேன்.”

புதுப் பாஸ்வேர்டு வைத்தேன். என்னவென்று கேட்காதீர்கள், இந்த முறை நிஜமாகவே என் பேர். இரண்டு பெயர்களையும் பட்டியலில் சேர்த்தேன். எல்லாவற்றையும் மூடி, பெட்டி அத்தனைக்கும் மறுபடி டிக் போட்டு, வேண்டுமென்றே முழுச் சுத்தத்தையும் ஓட்டினேன். திறந்தேன். கட்டம் வரவில்லை. ஹால் வந்தது.

இவரை எழுப்பிக் கூட்டிவந்து உட்காரவைத்தேன். திரையைப் பார்த்ததும் முகம் அப்படி மலர்ந்தது. போனில் பேசியதைச் சொல்லலாமா என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அவர் இடது கை சாவியைத் தேடிப் பிடித்தது. கேமரா திரும்பியது.

இத்தனை நாளும் பார்த்த அதே ஹால்தான். லைனில் ஒரு தலைகூட நிமிரவில்லை. முன்பெல்லாம், பரவாயில்லையே, குனிந்த தலை நிமிராமல் வேலை பார்க்கிறார்களே என்று நினைத்துக்கொள்வேன். இன்றுதான் தெரிகிறது, அந்தக் கழுத்துகளெல்லாம் எவ்வளவு விறைப்பாக இருக்கின்றன என்று. பீஸை மடிக்கிற அம்மா, ஒரு பனியனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து எதையோ சோதிப்பதுபோல நின்றார். செக்கிங் மேஜையில் ஒரு பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். இவர் நன்றாக இருக்கிறார் என்று இப்போது அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. ஒருத்தராவது நிமிர்ந்து ஒரே ஒரு பார்வை பார்க்க மாட்டார்களா என்று இருந்தது எனக்கு. பார்க்கக் கூடாதுதான், ஆனாலும்.

கேமரா கடைசி மெஷினுக்கு வந்தது. அங்கே ஒரு புதுப் பெண். ஒடிசாவோ பீகாரோ, பூஜைக்கு அப்புறம் சேர்ந்தவளாக இருக்க வேண்டும். நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. அவளுக்கு யாரும் சொல்லவில்லைபோல. ஏதோ அசைகிறதே என்று தலையைத் தூக்கினாள். நேராகக் கேமராவைப் பார்த்தாள். வாசலில் வந்து நிற்கிற ஆளைப் பார்த்துச் சிரிப்பதுபோல, பல் தெரியச் சிரித்தாள்.

இவர் சாவியிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்துவிட்டார். பக்கத்து மெஷின்காரி அவள் முழங்கையைத் தொட்டு ஏதோ சொல்ல, அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு குனிந்தாள்.

போச்சு என்று நினைத்தேன். இனி இதன் முன்னால் உட்கார மாட்டார்.

ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. பிறகு தன்னையே குனிந்து பார்த்துக்கொண்டார். உடம்பில் ஒரு பழைய பனியன், நெஞ்சில் மத்தியானக் குழம்புக் கறை. இடது கையால் அந்தப் பனியனைப் பிடித்து இழுத்தார். சுவர்ப் பக்கம் கையைக் காட்டி, “அதா” என்றார்.

அங்கே ஆணியில் அவருடைய வெள்ளைச் சட்டை தொங்கியது. கம்பெனிக்குப் போகும்போது போடுகிற சட்டை.

அவர் பக்கம் குனிந்தேன். “போலாமுங்களா? காருக்குச் சொல்லட்டுமுங்களா?”

இல்லை என்று தலையசைத்தார். நான் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதென்று, உட்கார்ந்திருக்கிற நாற்காலியைத் தட்டித் தட்டிக் காட்டினார். இங்கேதான். இதன் முன்னால்தான்.

சட்டையை எடுத்து வந்தேன். வராத கையை முதலில் நுழைத்து, அடுத்து இடது கையை நுழைத்து, பொத்தானெல்லாம் போட்டு, தலையைச் சீவிவிட்டேன். முடிந்தமட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாவியை அழுத்தி, கேமராவை அந்தக் கடைசி மெஷினுக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினார். அந்தப் பெண் குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் இன்னொரு தடவை நிமிர்வாளா என்று நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.